1930-க்கு முந்தைய சொகுசு கார்களில் கியர் சத்தத்தை எப்படி அடக்கினார்கள்?

பழையசக்கரம் கேட்டது:

வணக்கம். கொஞ்ச காலமாக 1900 முதல் 1930 வரையிலான பெரிய கார்களைப் பற்றிப் படித்து வருகிறேன். ரோல்ஸ் ராய்ஸ், டெய்ம்லர், லான்செஸ்டர், நேப்பியர், பேக்கார்ட் இவைதான் அதிகம். எங்கே பார்த்தாலும் இன்ஜின் எவ்வளவு அமைதி என்பதுதான் பேச்சு. எனக்குள்ள சந்தேகம் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற பாகங்களைப் பற்றி.

புகைக் குழாயில் வரும் சத்தத்துக்கு சைலன்சர் போடலாம். கியர்பாக்ஸிலும் பின் ஆக்சிலிலும் இரும்புப் பல் இரும்புப் பல்லைத் தள்ளுகிறது, அதற்கு சைலன்சர் என்று ஒன்று கிடையாது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், அதிர்வைப் பதிவுசெய்து அலசிப் பார்க்கும் வசதியும் இல்லை. ஆனாலும் அந்தக் கார்களில் பின் சீட்டில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போனார்கள் என்று படிக்கிறேன். இதை எப்படிச் சாதித்தார்கள்?

குறிப்பாக இரண்டு விஷயம் தெரியவேண்டும். கியர்பாக்ஸை அமைதியாக்குவது கஷ்டமா, ஆக்சிலை அமைதியாக்குவது கஷ்டமா? அப்புறம், லான்செஸ்டரும் டெய்ம்லரும் பின் ஆக்சிலில் வார்ம் கியர் (திருகு மாதிரியான தண்டு ஒரு பற்சக்கரத்தைச் சுற்றுவது) போட்டார்கள், ரோல்ஸ் ராய்ஸ் பெவல் கியரிலேயே (கூம்பு வடிவப் பற்சக்கரங்கள்) நின்றது, ஏன் இப்படி ஆளுக்கொரு வழி? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

லேத்பட்டறை பதில்:

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

இன்வலூட் என்ற வளைவு வடிவத்தில் பல் வெட்டிய இரண்டு சக்கரங்கள் கணக்குப்படி ஒரே சீரான வேகத்தில் சுற்றவேண்டும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. சுமை ஏறும்போது பல் மயிரிழை அளவு வளைகிறது, வெட்டும்போது சின்னச் சின்னப் பிசகு வருகிறது, பிறகு பல் தேயாமல் இருக்க கேஸ் ஹார்டனிங் செய்து, அதாவது மேற்பரப்பைக் கடினப்படுத்தி, எண்ணெயில் முக்கும்போது சக்கரமே கோணிக்கொள்கிறது. அதனால் ஒரு பல் சுமையை அடுத்த பல்லிடம் கைமாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டப்படும் சக்கரம் ஒரு துளி முந்துகிறது அல்லது பிந்துகிறது. அந்தத் துடிப்பு ஷாஃப்ட், பேரிங், கேசிங், சேசிஸ் என்று போய்க் கடைசியில் பாடியின் தரைப்பலகையை மத்தளம்போல அடிக்கிறது. நாம் கேட்பது பெரும்பாலும் அந்தப் பலகையின் சத்தத்தைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று, டாப் கியர் நேரடி இணைப்பு என்றால் பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் அதே 1500, அதாவது நொடிக்கு 25 சுற்று. ஆக்சில் பினியனில், அதாவது ஆக்சிலை ஓட்டும் சின்னப் பற்சக்கரத்தில், 15 பல் இருந்தால் நொடிக்கு 375 கைமாற்றம். 375 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் குரல் உலவும் இடம். அதனால்தான் ஆக்சில் கூவல் பேச்சுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. இன்ஜினின் தாழ்ந்த உறுமல் அப்படி வருவதில்லை.

ஆகவே வழிகள் மூன்றுதான். கைமாற்றம் மெதுவாக நடக்கும்படி பல்லின் வடிவத்தை மாற்றுவது, ஷாஃப்டும் கேசிங்கும் வளையாமல் பார்த்துக்கொள்வது, அல்லது அந்தப் பற்களுக்குச் சுமையே கொடுக்காமல் விடுவது. மூன்றாவது வழியை அந்தக் காலத்தவர்கள் எவ்வளவு தீவிரமாகப் பின்பற்றினார்கள் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

நெடுஞ்சாலை பதில்:

லேத்பட்டறை சார் சொன்ன மூன்றாவது வழியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் பார்வையில் இந்தக் கதையின் மையமே அதுதான். சொகுசு கார் செய்தவர்கள் கியர்பாக்ஸ் சத்தத்தை ஜெயித்ததைவிட அதைத் தவிர்த்ததுதான் அதிகம்.

பன்ஹார்ட் லெவாசோர் காரில் எமில் லெவாசோர் 1890-களில் வைத்த நகரும் கியர் அமைப்பைப் பற்றி அவரே "முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது" என்ற பொருளில் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. அந்த அமைப்பில் எந்தக் கியரில் போனாலும் சுமை ஒரு ஜோடிப் பற்சக்கரம் வழியாகப் போயே தீரவேண்டும், அதற்குப் பிறகு பெவல், அதற்கும் பிறகு பக்கவாட்டுச் செயின்கள். எல்லாமே சத்தம் போடும். 1898-ல் லூயி ரெனோ தன் சின்ன வண்டியில் டாப் கியரை நேரடி இணைப்பாக வைத்தார், அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்ஜின் பக்க ஷாஃப்டும் பின்னால் போகும் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், லே ஷாஃப்ட் என்ற பக்கத்துத் துணை ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றும். டாப் கியரில் கியர்பாக்ஸ் கிட்டத்தட்ட வெறும் குழாய் மாதிரி ஆகிவிட்டது.

இதைப் பெரிய கார்க்காரர்கள் எங்கே கொண்டுபோனார்கள் என்றால், டாப் கியரை விட்டு இறங்கவே வேண்டாத கார் செய்யவேண்டும் என்ற இடத்துக்கு. ரோல்ஸ் ராய்ஸ் 40/50, அதாவது சில்வர் கோஸ்ட், 7 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினோடு 1906-ல் வந்தது, பிறகு அது சுமார் 7.4 லிட்டர் ஆனது. அவ்வளவு பெரிய இன்ஜின் வேகத்துக்காக மட்டும் வைத்ததல்ல. நடக்கிற வேகத்திலிருந்து டாப் கியரிலேயே இழுக்க முடிந்தால் கியரைத் தொடவேண்டாம், தொடாவிட்டால் சத்தமில்லை. 1911-ல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போய்த் திரும்பும் ஓட்டத்தை ஒரு ரோல்ஸ் ராய்ஸ் முழுக்க டாப் கியரிலேயே முடித்தது, கேலனுக்கு 24.32 மைல், அதே கார் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 78.26 மைல் ஓடியது. நேப்பியரும் அதற்கு முன்பே இதே மாதிரி டாப் கியர் ஓட்டம் நடத்திக் காட்டியிருந்தது. இன்றைக்கு இதை விளம்பர வித்தை என்று படிக்கிறோம், ஆனால் அன்றைய வாங்குபவருக்கு அதன் அர்த்தம் நேரடியானது: பயணம் முழுக்க கியர் ஊளையிடாது.

இதன் விலையையும் சொல்லவேண்டும். சில்வர் கோஸ்டின் முதல் கியர்பாக்ஸில் நான்கு வேகம், மூன்றாவது நேரடி, நான்காவது ஓவர்டிரைவ், அதாவது பின்னால் போகும் ஷாஃப்ட் இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும் கியர். அந்த நான்காவதில் சுமை மறுபடி பற்கள் வழியாகப் போகும், ஆகவே சமவெளியில் வேகமாகப் போகும்போதுதான் சத்தம் கேட்கும். 1909-ல் அதை எடுத்துவிட்டு டாப் கியர் நேரடியாக இருக்கும் மூன்று வேகப் பெட்டியைப் போட்டார்கள். அமைதி கிடைத்தது. ஆனால் 1912 ஆல்பைன் போட்டியில் ஜேம்ஸ் ராட்லியின் கார் ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் ஏற்றத்தில் நின்றுபோனது, முதல் கியர் அந்தச் சரிவுக்குப் போதவில்லை. 1913 போட்டிக்கு நான்கு வேகப் பெட்டியோடு அணியாகப் போய் நன்றாகவே செய்தார்கள். அமைதிக்காக ஒரு கியரைக் குறைத்தது, மலையில் அதன் பலனை அனுபவித்தது, பிறகு திரும்பச் சேர்த்தது, எல்லாம் நாலைந்து வருடத்துக்குள்.

சரி, உங்கள் முதல் கேள்வி, எது கஷ்டம் என்பது. ஆக்சில்தான், சந்தேகமே வேண்டாம். கியர்பாக்ஸை நேரடி இணைப்பால் தூங்கவைத்துவிடலாம். ஆக்சிலைத் தூங்கவைக்க முடியாது, அங்கே திசையைத் திருப்பி வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும், கார் நகரும் ஒவ்வொரு நொடியும் அந்தப் பற்கள் முழுச் சுமையில் இருக்கின்றன. இன்னொன்றும் யோசியுங்கள். கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்காருபவர் டிரைவர். பின் ஆக்சிலுக்கு மேலேயே உட்காருபவர் காருக்குப் பணம் கொடுத்தவர். 1920-களில் மூடிய பாடி பெருகியபோது இது இன்னும் மோசமானது, திறந்த காரில் காற்றோடு போய்விடும் கூவல் மூடிய அறைக்குள் தங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் ஃபிரெடரிக் லான்செஸ்டர் வருகிறார். பர்மிங்ஹாமில் அவருடைய முதல் கார் செயின் டிரைவோடு இருந்தது, 1897-ல் அதைத் திருத்தி அமைத்தபோதே வார்ம் ஆக்சிலுக்குப் போய்விட்டார். அதுவும் சாதாரண உருளை வார்ம் அல்ல. உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கி, சக்கரத்தின் வளைவைத் தழுவிக்கொண்டு போகும் வடிவம். ஒரே நேரத்தில் பல பற்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அதை வெட்ட கடையில் மெஷின் கிடையாது என்பதால் மெஷினையும் அவரே வடிவமைத்தார். கியர்பாக்ஸும் எபிசைக்ளிக். சுமையை நடுச் சக்கரத்தைச் சுற்றியுள்ள சின்னச் சக்கரங்கள் பங்குபோட்டுக்கொள்வதால் ஷாஃப்டை ஒரு பக்கமாக வளைக்கும் விசை இல்லை, டாப்பில் மொத்தக் கூட்டமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். மற்றவர்கள் சத்தத்தைத் தவிர்க்கப் பார்த்தபோது அவர் அது பிறக்கும் இடத்தையே மாற்றி அமைத்தார். நான் அவர் கட்சி என்பதை மறைக்க விரும்பவில்லை.

டெய்ம்லர் கதை இதோடு சேர்ந்தது. 1908-ல் அவர்கள் சார்லஸ் நைட்டின் ஸ்லீவ் வால்வ் இன்ஜினை எடுத்துக்கொண்டார்கள். தட்டும் வால்வுகளுக்குப் பதில் சறுக்கும் குழாய்கள் என்பதால் இன்ஜின் ரொம்ப அமைதி. இன்ஜின் அடங்கியதும் அதுவரை மறைந்திருந்த ஆக்சில் சத்தம் வெளியே வந்துவிடும், இது எந்தக் காரிலும் நடக்கும். 1909 முதல் லான்செஸ்டர் டெய்ம்லருக்கு ஆலோசகர் ஆனார், அதையொட்டிய ஆண்டுகளில் டெய்ம்லரும் வார்ம் ஆக்சிலுக்கு மாறியது, 1930-கள் வரை அதை விடவில்லை.

பழையசக்கரம்:

மிக்க நன்றி நெடுஞ்சாலை, ஆக்சில் மேல் உட்காருபவர் யார் என்ற கோணத்தை நான் யோசித்ததே இல்லை. ஆனால் இப்போது கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. வார்ம் அவ்வளவு நல்லது என்றால் ரோல்ஸ் ராய்ஸ் ஏன் தொடவில்லை, இன்றைய கார்களில் ஏன் அது இல்லை? வார்ம் கியர் சக்தியைத் தின்னும், பாதி சூடாகவே போய்விடும் என்று காலேஜில் படித்த ஞாபகம்.

ஹெலிக்கல் பதில்:

நான் பெவல் கியர் வெட்டும் வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் பட்டறைப் பக்கமிருந்து சொல்கிறேன்.

சக்தியைத் தின்னும் என்பது லிஃப்ட், பளு தூக்கி மாதிரி ஒற்றைப் புரி வார்முக்குப் பொருந்தும். கார் ஆக்சிலில் போடுவது ஐந்தாறு, சிலதில் அதற்கும் மேல் புரிகள் கொண்ட வார்ம். புரியின் சாய்வு கோணம் பெரிது, சக்கரத்திலிருந்து வார்மைத் திருப்பவும் முடியும், இல்லாவிட்டால் இறக்கத்தில் பெடலை விட்டதும் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கடினப்படுத்தி மெருகேற்றிய எஃகு வார்ம், பாஸ்பர் பிரான்ஸ் சக்கரம், நடுவில் தொடர்ந்து ஒரு எண்ணெய்ப் படலம். லண்டன் அருகே டெட்டிங்டனில் இருக்கும் நேஷனல் பிசிக்கல் லேபரட்டரியில், லான்செஸ்டர் வடிவமைத்த சோதனை மெஷினிலேயே இதை அளந்தார்கள், நல்ல வார்ம் 95 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. அன்றைய பெவலோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் குறைவில்லை.

அமைதிக்குக் காரணம் வழுக்கும் இயக்கம். பெவலில் பல் வந்து இறங்குகிறது, வார்மில் இறங்குவது என்பதே இல்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. அந்த வழுக்கல்தான் அதன் பலவீனமும். வேகமும் சுமையும் ஏற ஏறச் சூடு ஏறும், எண்ணெய் மெலியும், படலம் கிழிந்தால் பிரான்ஸ் உரிந்துவிடும். அதனால்தான் ஆமணக்கெண்ணெய் மாதிரி உலோகத்தை விடாமல் பற்றும் எண்ணெய்களை ஊற்றினார்கள். பிரான்ஸ் விலையும் அதிகம், வார்மின் முன்பின் தள்ளுவிசையைத் தாங்க நல்ல த்ரஸ்ட் பேரிங் வேண்டும், பொருத்துவதில் மயிரிழை பிசகினாலும் வேலை கெட்டுப்போகும். லான்செஸ்டரின் உடுக்கை வடிவ வார்மில் இன்னும் கறார், உருளை வார்ம் நீளவாக்கில் கொஞ்சம் நகர்ந்தாலும் மன்னிக்கும், இது மன்னிக்காது.

இனி பெவல் பக்கம். நேர்ப் பல் பெவலில் ஒரு பல்லின் மொத்த அகலமும் ஒரே நேரத்தில் வந்து மோதும். ரொம்ப நல்லவர்கள் வெட்டி, ஜோடி சேர்த்து, பொருத்தினால் அதையும் அமைதியாக ஓட வைக்கலாம், ரோல்ஸ் ராய்ஸ் பல காலம் அப்படித்தான் ஓட்டியது, ஆனால் அது கைவேலை. ஒரு ஆக்சிலை ஓடவிட்டுக் கேட்டு, கழற்றி, ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடுகளை மாற்றி, மறுபடி ஓடவிட்டுக் கேட்பது. நூற்றுக்கணக்கில் செய்யலாம், ஆயிரக்கணக்கில் செய்ய ஆளில்லை.

அதை மாற்றியது நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் இருக்கும் கிளீசன். 1874-ல் வில்லியம் கிளீசன் பெவல் வெட்டும் பிளேனரை உருவாக்கிய நிறுவனம். 1913 வாக்கில் ஸ்பைரல் பெவல் வெட்டும் மெஷினைக் கொண்டுவந்தார்கள், பேக்கார்ட் அதைக் காரில் போட்டது. பல் வளைந்திருப்பதால் தொடுகை ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு நகர்ந்து போகும், அது முடிவதற்குள் அடுத்த பல் உள்ளே வந்திருக்கும், சுமை ஒரு கணமும் தனி ஒரு பல் மேல் நிற்காது. இதற்கும் ஒரு விலை உண்டு. பினியனை வண்டி முன்னே போகும்போது ஒரு பக்கமும் ரிவர்ஸில் எதிர்ப்பக்கமும் விசை தள்ளும், அது கிரவுன் வீலுக்குள், அதாவது பினியன் சுற்றும் பெரிய பற்சக்கரத்துக்குள், இழுக்கப்பட்டால் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தாங்கும் டேப்பர் ரோலர் பேரிங் கிடைத்ததால்தான் ஸ்பைரல் பெவல் தெருவுக்கு வந்தது.

அப்புறம் லேப்பிங். ஹார்டனிங்கில் கிரவுன் வீல் கோணிக்கொள்ளும், பெரிய மெல்லிய வளையம் அல்லவா. கியர்பாக்ஸின் நேர்ப் பல் சக்கரத்தை ஹார்டனிங்குக்குப் பிறகு கிரைண்டிங் செய்து சரிக்கட்டலாம், சூரிச்சின் மாக் மாதிரி நிறுவனங்கள் அதற்கென்றே மெஷின் செய்தன. ஸ்பைரல் பெவலை அன்றைக்கு அப்படி அரைக்க எளிய வழி இல்லை. அதனால் கிரவுனையும் பினியனையும் சேர்த்து மாட்டி, தேய்க்கும் பொடி கலந்த பசை விட்டு ஓடவிட்டு ஒன்றையொன்று தேய்க்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டும் ஜோடி, ஒரே எண் அடித்து வைப்பார்கள். இன்றைக்கும் மெக்கானிக் கிரவுன் பினியனை செட்டாகத்தான் மாற்றவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வார்மை உண்மையில் ஓரங்கட்டியது ஹைப்பாய்டு. ஸ்பைரல் பெவலில் பினியனின் மையக்கோடு கிரவுனின் மையத்தைச் சந்திக்கும். அதைக் கீழே இறக்கி, சந்திக்காமல் வைத்தால் ஹைப்பாய்டு. பல்லில் உருளுதலோடு வார்மின் வழுக்கலும் கொஞ்சம் சேரும், அந்த வழுக்கல் சத்தத்தை மழுக்கும். பினியனும் பெரிதாகும், பலம் கூடும். பேக்கார்ட் 1927 மாடல்களில் இதைப் போட்டது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தரையும் தாழ்ந்தது. ஸ்டட்ஸ் 1926-ல் அதே தாழ்ந்த தரைக்காகத்தான் வார்மை சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்தது. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குப் போனது, ஒன்றுக்கு பிரான்ஸ் வேண்டும், மற்றொன்று முழுக்க எஃகு, மெஷினிலேயே முடியும். ரோல்ஸ் ராய்ஸ் 1929-ல் ஃபேண்டம் 2-ல் ஹைப்பாய்டுக்கு வந்தது.

ஃபிரெஞ்சுக்காரர்களை விட்டுவிடக்கூடாது, பெஷோ 404 வரைக்கும் வார்ம் ஆக்சில் போட்டது, 1960-களில்! ஆகவே வார்ம் கெட்ட வழி என்று யாரும் சொல்லமுடியாது.

டபுள்டெக்கர் பதில்:

சொகுசு கார் இழை என்றாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமைதியான கியர்பாக்ஸுக்காக அதே காலத்தில் இன்னொரு இடத்தில் பெரிய அழுத்தம் இருந்தது, லண்டன் பஸ். அங்கே பஸ்ஸுக்கு உரிமம் கொடுத்தது மெட்ரோபாலிட்டன் போலீஸ், சத்தம் அதிகம் என்றால் வண்டியைத் தெருவில் விடமாட்டார்கள். அதனால் பல் வடிவத்தோடு போராடாமல், கியர்பாக்ஸுக்குள் ஷாஃப்டுகளை எப்போதும் செயினாலேயே இணைத்துவிட்டார்கள். மான்செஸ்டரின் ஹான்ஸ் ரெனால்ட் 1895-லேயே சைலண்ட் செயின் செய்திருந்தார், பல் தலைகீழாக வைத்த தகடுகளால் ஆனது, சக்கரத்தில் தட்டாமல் படியும். 1910-ல் ஃபிராங்க் சேர்ல் வடிவமைத்து வால்தம்ஸ்டோவில் கட்டப்பட்ட பி டைப் பஸ்ஸில் செயின் கியர்பாக்ஸும் வார்ம் ஆக்சிலும் இருந்தன. ஆயிரக்கணக்கில் ஓடியது, முதல் உலகப்போரில் படைவீரர்களைச் சுமந்தது அந்த பஸ்தான். டிக்கெட் வாங்கி ஏறிய சாதாரண மக்களுக்கு பணக்காரர் காரில் இருந்த அதே ஆக்சில் கிடைத்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நெடுஞ்சாலை:

டபுள்டெக்கர், அருமை, இது இழைக்கு வெளியே ஒன்றும் இல்லை.

கீழ்க் கியர்களைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதையும் முடித்துவிடுகிறேன். டாப் கியரைத் தவிர மற்றதெல்லாம் 1920-களின் இறுதிவரை கூவத்தான் செய்தது, ரோல்ஸ் ராய்ஸ் உட்பட, அடக்கமாகக் கூவியது என்று வேண்டுமானால் சொல்லலாம். காரணம் கியர் மாற்றும் முறை. சக்கரத்தையே ஷாஃப்டில் தள்ளி இன்னொரு சக்கரத்தோடு கோர்க்கவேண்டும், அதற்கு நேர்ப் பல்தான் வசதி. சாய்பல், அதாவது ஹெலிக்கல், அமைதியானது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதைத் தள்ளிக் கோர்ப்பது பெரிய தொல்லை. ஆகவே நேர்ப் பல்லுக்குள்ளேயே என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். குட்டையான தடித்த பல் பலமானது, ஆனால் ஒரே நேரத்தில் தொடும் பற்கள் குறைவு, சத்தம் அதிகம். நீளமான நுண்ணிய பல் அமைதி, ஆனால் உடையும். நிக்கல் குரோம் எஃகு வந்தபிறகு நுண்ணிய பல்லை வைத்துக்கொண்டே பலத்தைப் பெற முடிந்தது, சக்கரத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் போதும். அகலமாக்கினால் ஷாஃப்ட் நீளும், நீண்டால் வளையும், வளைந்தால் பல் ஓரத்தில் மட்டும் தொடும், திரும்பவும் சத்தம். அதனால் அந்தப் பெட்டிகளில் ஷாஃப்டுகள் பார்ப்பதற்கு அளவுக்கு மீறித் தடியாக இருக்கும்.

சில்வர் கோஸ்டிலும் முதல் ஃபேண்டமிலும் கியர்பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டாமல் தனியாக, சேசிஸின் நடுவில் தொங்கும். மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொண்டாலும் அந்த முறுக்கு பெட்டிக்குள் போய் ஷாஃப்டின் வரிசையைக் கெடுக்காமல் தாங்கு புள்ளிகளை அமைக்கவேண்டியிருந்தது. பல்லை எவ்வளவு நன்றாக வெட்டினாலும் பெட்டி முறுக்கினால் வீண் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பூட்டைத் திறந்தது கேடிலாக். 1929 மாடல்களில், அதாவது 1928-ல், எர்ல் தாம்ப்சனின் சின்க்ரோமெஷ் வந்தது. சக்கரங்கள் எப்போதும் கோர்த்தே இருக்கும், கூம்பு வடிவ உராய்வு வளையம் வேகத்தைச் சமன்செய்த பிறகுதான் நாய்ப்பல் என்ற பூட்டுப் பற்கள் கோர்க்கும். எல்லாரும் இதை டிரைவருக்குச் சுலபம் என்ற கணக்கில் மட்டும் எழுதுகிறார்கள். சக்கரம் நகரவேண்டாம் என்றானதும் அதை ஹெலிக்கலாக வெட்டலாம், அதுதான் பயணிக்குக் கிடைத்த பெரிய வரவு. ரோல்ஸ் ராய்ஸ் 1932-ல் ஃபேண்டம் 2-ன் மேல் இரண்டு கியர்களுக்கு சின்க்ரோமெஷ் கொடுத்தது.

டெய்ம்லர் 1930-ல் வேறு வழியில் போனது, வால்டர் வில்சனின் எபிசைக்ளிக் ப்ரீசெலக்டர் பெட்டி (அடுத்த கியரை முன்கூட்டியே தேர்ந்துவைக்கலாம்), அதற்கு முன்னால் கிளட்சுக்குப் பதிலாக ஃப்ளூயிட் ஃப்ளைவீல். எண்ணெய் வழியாகவே சக்தி போவதால் இன்ஜினின் துடிப்பு பற்களுக்குப் போய்ச் சேராது, மெதுவாக ஓடும்போது பற்கள் கடகடப்பது நின்றுவிடும். கீழ்க் கியரில் அந்தப் பெட்டிக்கும் ஒரு பாட்டு உண்டு, அதை அமைதி என்று சொல்லமாட்டேன், ஆனால் கியர் மாறும் சத்தம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. அதையொட்டி லான்செஸ்டர் நிறுவனமும் டெய்ம்லர் குழுமத்துக்குள் வந்துவிட்டது.

பழையசக்கரம்:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, ஹெலிக்கல் அண்ணாவுக்கு. என் நண்பர் குடும்பத்தில் 1930-களின் ஒரு டெய்ம்லர் இருக்கிறது, வார்ம் ஆக்சில். இழுக்கும்போது சத்தமில்லை, பெடலை விட்டு இறக்கத்தில் போகும்போது மட்டும் ஒரு முனகல். ஆக்சில் எண்ணெய் பழசு, மாற்றப்போகிறார்கள். கடையில் ஹைப்பாய்டு எண்ணெய் ஜிஎல்-5 கொடுக்கிறார்கள், ஊற்றலாமா?

ஹெலிக்கல்:

ஊற்றவேண்டாம், நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஹைப்பாய்டு எண்ணெயில் எஃகும் எஃகும் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க கந்தகம் கலந்த மருந்து அதிகம் இருக்கும். சூட்டில் அது பிரான்ஸை அரிக்கும், சக்கரம் கறுத்து உதிர ஆரம்பிக்கும், அந்தச் சக்கரம் புதிதாக வாங்கக் கிடைக்காது, வெட்டித்தான் ஆகவேண்டும். பிரான்ஸ் வார்முக்கு உகந்தது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் கெட்டியான கியர் எண்ணெய் கேளுங்கள். பழைய டெய்ம்லர் வைத்திருப்பவர்களின் கிளப் எதிலாவது விசாரித்தால் இப்போது எது கிடைக்கிறது என்று சொல்வார்கள்.

பெடலை விட்டால் மட்டும் சத்தம் என்றால் பல்லின் மறுபக்கம் சுமை ஏறும்போது ஏதோ நகர்கிறது. பல்லைச் சந்தேகப்படுவதற்கு முன் வார்மின் த்ரஸ்ட் பேரிங்கைப் பாருங்கள். பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, வார்ம் ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளி டயல் கேஜில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆட்டம் இருந்தால் பேரிங் மாற்றிவிட்டு, சக்கரத்தில் ப்ளூ என்ற நீலப் பசை தடவி, இரண்டு பக்கமும் சுற்றித் தொடுகை எங்கே விழுகிறது என்று போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஓடிப் பழகிய வார்மையும் சக்கரத்தையும் தனித்தனியாகக் கழற்றினால் எந்தப் பல் எங்கே இருந்தது, ஷிம் எந்தப் பக்கம் எத்தனை என்று முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.